கால் எட்டாத இடத்துல தைரியம் எப்படி வரும்?

பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்ல ஒரு ஸ்லைடு கட்டாயம் வரும். நீங்களும் பார்த்திருப்பீங்க. பனைமர உயரத்துக்கு ஒரு நீல அலை. அதுக்குக் கீழே குச்சி மாதிரி ஒரு ஆள், சர்ஃப் போர்டு மேல நிக்கிறான். மேலே கொட்டை எழுத்துல "கம்ஃபர்ட் ஜோனை விட்டு வெளியே வா". ட்ரெய்னர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு "பயத்தைத் தூக்கிப் போடுங்க"ன்னு சொல்லுவார். நாம கை தட்டிட்டு கேன்டீனுக்குப் போயிடுவோம்.

அந்த ஸ்லைடு மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. படத்துல இருக்குற ஆள் பயத்தைத் தூக்கிப் போட்டுட்டு அங்கே போகல. அவன் பல வருஷமா சின்ன அலையில விழுந்து, எப்படி விழணும்னு பழகி, எந்த நாள்ல கடலுக்குள்ள இறங்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் அங்கே போனவன். அந்த வருஷங்களை எல்லாம் வெட்டிட்டு ஒரே ஒரு நொடியை மட்டும் காட்டி "உன்னால முடியும்"னு சொன்னா, கேக்குற பையன் நேரா ஈ.சி.ஆர். போய் "ஒண்ணும் ஆகாது, வாடா மச்சி"ன்னு இறங்கிடுவான். லீவு நாள்ல கடல்ல குளிக்கப் போன காலேஜ் பசங்க பத்தின செய்தி நமக்குப் புதுசு இல்ல. அந்தச் செய்தியில வர்ற யாரும் கோழைங்க இல்ல. தைரியம் நிறையவே இருந்தது. கடலைப் பத்தின விவரம்தான் இல்லை.

அதனால என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். சர்ஃபிங் கத்துக்கிற ஒருத்தருக்கு, அலை பெருசாகும்போது வர்ற பயம் ஒரு வியாதி இல்ல, அதை விரட்ட வேண்டியதும் இல்ல. அந்தப் பயத்துக்குள்ள நிஜமான ஒரு கணக்கு இருக்கு. கணக்கைப் போட்டுப் பார்த்தா பயம் அளவோட நிக்கும். அது அளவோட நின்னுட்டா, அதைத்தான் தன்னம்பிக்கைன்னு வெளியில இருந்து பாக்குறவங்க சொல்றாங்க.

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. நம்ம பக்கம் சர்ஃபிங் இனிமே வெள்ளைக்காரங்க விளையாட்டு இல்ல. கோவளத்துல மீனவரான மூர்த்தி மேகவன் ஊர்ப் பசங்களைச் சேர்த்துக்கிட்டு 2012ல சர்ஃப் பள்ளி ஆரம்பிச்சார். மாமல்லபுரத்துப் பொண்ணு கமலி மூர்த்தி பத்தி குறும்படமே வந்துடுச்சு. 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்துலயே நடந்தது, அதுல ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அதுக்கப்புறம் நம்ம டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்லயே "வீக்எண்ட் சர்ஃபிங் யாரு வர்றீங்க"ன்னு மெசேஜ் வர ஆரம்பிச்சிருக்கு. சந்தோஷம். ஆனா முதல் கிளாஸ் போயிட்டு வந்தவங்க எல்லாரும் ஒரே இடத்துல மாட்டிக்கிறாங்க. அந்த இடத்தைப் பத்தித்தான் பேசப் போறேன்.

முதல் மூணு நாலு கிளாஸ் ரொம்ப ஜாலியா போகும். எட்டு, ஒன்பது அடி நீள ஃபோம் போர்டு. இடுப்பளவு தண்ணி. ஏற்கெனவே உடைஞ்சு வர்ற வெள்ளை நுரையில கோச் அண்ணா பின்னாடி இருந்து தள்ளிவிடுவார். "எழு எழு எழு"ன்னு கத்துவார். நீங்க எழுந்து நின்னு ரெண்டு நொடி போய் விழுவீங்க. ஸ்டேட்டஸ் போட போட்டோ கிடைச்சுடும். அப்புறம் ஒரு நாள் அவர், "சரி, இனிமே உள்ளே போகலாம், உடையாத அலையைப் பிடிக்கலாம்"னு சொல்லுவார். அன்னைக்கு அலையும் கொஞ்சம் பெருசா இருக்கும். வயித்துக்குள்ள ஏதோ ஒண்ணு புரளும். நேத்து வரைக்கும் நல்லா எழுந்தவன் இன்னைக்கு போர்டு மேல படுக்கவே தடுமாறுவான்.

என்ன மாறிச்சு? அலை ஒரு அடி ரெண்டு அடிதானே கூடியிருக்கு?

இங்கேதான் நாம இன்ஜினியரிங் படிக்கிறதுக்கு ஒரு பிரயோஜனம் வருது (வேற எங்கே வருதுன்னு கேக்காதீங்க). கரையை நோக்கி வர்ற அலை எங்கே உடையும்னு ஒரு கணக்கு இருக்கு. தண்ணியோட ஆழத்துல சுமார் 0.78 பங்கு உயரத்தை எட்டும்போது அலை உடையும். திருப்பிப் போட்டுப் பாருங்க: 1 மீட்டர் அலை உடையுற இடத்துல ஆழம் சுமார் 1.3 மீட்டர். ஐந்தரை அடி ஆளுக்கு அது நெஞ்சளவு. விழுந்தா எழுந்து நின்னுக்கலாம். 1.5 மீட்டர் அலைன்னா ஆழம் 1.9 மீட்டர். நம்ம கிளாஸ்ல பாதிப் பேருக்கு மேல அங்கே கால் எட்டாது. மணல் திட்டு, ஓதம் எல்லாம் சேர்ந்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் முன்னே பின்னே ஆக்கும். ஆனா அடிப்படை இதுதான்.

அதாவது, நேத்து வரைக்கும் விழுந்தப்பல்லாம் உங்க உடம்பு காலை ஊன்றிக்கிட்டது. அது உங்களுக்கே தெரியாம நடந்தது. இன்னைக்கு உங்க உடம்பு "விழுந்தா ஊன்ற தரை இல்லை"ங்கறதைக் கண்டுபிடிச்சிருச்சு. அந்த வயித்துப் புரட்டல் அதுக்குத்தான். உங்க பயம் ஒரு அடி உயர வித்தியாசத்தைப் பத்தி இல்ல, கால் எட்டுற இடத்துக்கும் எட்டாத இடத்துக்கும் நடுவுல இருக்குற கோட்டைப் பத்தி. அது சரியான பயம். அதைப் போய் "மைண்ட்செட்"னு சொல்லி அடக்கச் சொல்றது எந்த ஊர் நியாயம்?

கால் எட்டாத இடத்துல பயம் குறையணும்னா கால் இல்லாம சமாளிக்கத் தெரியணும். நீச்சல். இதை யாரும் போஸ்டர்ல போட மாட்டாங்க, ஏன்னா இதுல கிக் இல்லை. லீஷ் காலோட கட்டியிருக்கு, போர்டு மிதக்கும், அது போதும்னு நினைக்கிறவங்க நிறைய. லீஷ்ங்கறது ஒரு பிளாஸ்டிக் கயிறு, கணுக்கால்ல ஒரு வெல்க்ரோ பட்டை. ரெண்டும் பிய்ஞ்சு போகக் கூடிய சாமான். போர்டை லைஃப் ஜாக்கெட்டா நினைச்சு உள்ளே போறவங்களுக்கு, அது கையை விட்டுப் போற நிமிஷத்துல மொத்த நம்பிக்கையும் போயிடும். என் கணக்கு இது: நீச்சல் குளத்துல நிக்காம 200 மீட்டர் நீந்தவும், கை காலை அடிக்காம பத்து நிமிஷம் மிதக்கவும் தெரியலைன்னா, இடுப்பளவு நுரையைத் தாண்டாதீங்க. சிலர் இதை ரொம்ப அதிகம்னு சொல்லுவாங்க. கோச் இல்லாம போகப் போறவங்களுக்கு இது குறைவுன்னுதான் நான் சொல்லுவேன்.

அடுத்தது விழறது. எல்லாரும் எழுந்து நிக்கக் கத்துக்கிறாங்க, விழக் கத்துக்கிறது இல்ல. ஒரு செஷன்ல நாப்பது தடவை முயற்சி பண்ணா முப்பத்தஞ்சு தடவை விழறீங்க. நாள் முழுக்க செய்யுற வேலை விழறதுதான், அப்போ பயிற்சியும் அதுக்குத்தானே முதல்ல வேணும்? தலைகுப்புறப் பாயக் கூடாது, ஆழம் குறைவா இருந்தா கழுத்து போயிடும். முதுகையோ பக்கவாட்டையோ காட்டி, பாய் மாதிரி தட்டையா விழணும். ரெண்டு கையையும் தலையைச் சுத்தி வெச்சுக்கணும். மேலே வரும்போது ஒரு கை தலைக்கு மேல நீட்டியிருக்கணும், ஏன்னா லீஷ் ரப்பர் பேண்ட் மாதிரி போர்டை உங்க மேலயே இழுத்துட்டு வரும். கடல்ல அடிபடுறவங்கள்ல நிறைய பேருக்கு அடி, அலையால இல்ல, சொந்த போர்டால. இதை இடுப்பளவு தண்ணியில வேணும்னே இருபது தடவை செஞ்சு பாருங்க. கரையில நிக்கிற பஜ்ஜி கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அப்புறம் அந்த "தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டேன், மூச்சே முட்டிருச்சு" சமாசாரம். இதுல ஒரு சின்ன வேலை செய்யுங்க. அலை உங்களை உள்ளே அழுத்தினதும் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிங்க. ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரெண்டு. நான் எண்ணினப்ப நாலுக்கு மேல போனது அபூர்வம். தலை உயரத்தைத் தாண்டாத அலையில பெரும்பாலும் சில நொடிகள்தான். ஆனா எண்ணாம இருந்தா அது அரை நிமிஷம் மாதிரி தோணும். மூச்சு விடணும்னு வர்ற அந்தத் தவிப்பு, ஆக்ஸிஜன் தீர்ந்துட்டதால வர்றது இல்ல. ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுறதால வர்றது. டேங்க்ல இன்னும் பெட்ரோல் இருக்கும்போதே எரியுற ரிசர்வ் லைட் மாதிரி. இது தெரிஞ்சிருந்தா உள்ளே கை கால் உதறாம, உடம்பைத் தளர விட்டுட்டு, அலை போனதும் மேலே வரலாம். உதறினா இருக்குற ஆக்ஸிஜனும் சீக்கிரம் தீரும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு ஸ்விம்மிங் பூல்ல தனியா மூச்சைப் பிடிச்சுப் பழகப் போகாதீங்க. அதுவும் வேகவேகமா மூச்சு இழுத்து விட்டுட்டு உள்ளே போறது ரொம்ப மோசம். கார்பன் டை ஆக்சைடு இறங்கிடும், அந்த ரிசர்வ் லைட்டே எரியாது, எந்த முன்னறிவிப்பும் இல்லாம மயக்கம் வந்துடும். நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களே இப்படிச் செத்திருக்காங்க.

இப்போ ஃபோர்காஸ்ட் பத்தி. எல்லாரும் ஆப்ல அலை உயரத்தை மட்டும் பாக்குறாங்க. "1 மீட்டர்தான் மச்சி, போன வாரமும் 1 மீட்டர்தான்." அதுக்குப் பக்கத்துலயே நொடியில ஒரு எண் இருக்கும், பீரியட். ரெண்டு அலைக்கு நடுவுல இருக்குற நேரம். அதை யாரும் பாக்குறது இல்ல. அலையோட பவர் உயரத்தோட வர்க்கத்தையும் பீரியடையும் பெருக்கினா வரும். ஆழ்கடல்ல ஒரு மீட்டர் அகலத்துக்கு சுமார் 0.5 × H² × T கிலோவாட். 1 மீட்டர், 6 நொடி அலைக்கு 3 கிலோவாட், நம்ம வீட்டு மோட்டார் பாஷையில 4 எச்.பி. அதே 1 மீட்டர், 12 நொடின்னா 8 எச்.பி. 1.5 மீட்டர், 12 நொடின்னா 18 எச்.பி. கண்ணுக்கு அரை மீட்டர்தான் கூடியிருக்கு, உங்க மேல வந்து விழறது ரெண்டு மடங்குக்கும் மேல. "போன வாரம் மாதிரிதான் இருந்தது, ஆனா தூக்கி அடிச்சிருச்சு"ன்னு சொல்றவங்க கதை பெரும்பாலும் இதுதான்.

இன்னொண்ணு. ஃபோர்காஸ்ட்ல போடுற உயரம் சராசரி கிடையாது, அதிகபட்சமும் கிடையாது. எல்லா அலையையும் உயர வாரியா அடுக்கி, மேலே இருக்குற மூணுல ஒரு பங்கோட சராசரி. 12 நொடிக்கு ஒண்ணுன்னா மணிக்கு 300 அலை. அந்த முந்நூறுல ஒண்ணு, போட்டிருக்குற உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல வர்றது சாதாரணம். "திடீர்னு ஒரு பேய் அலை வந்துச்சு"ன்னு சொல்ற அலை, பல நேரம் அந்த டிஸ்ட்ரிபியூஷன் கர்வோட வால்தான். புராபபிலிட்டி பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிறவங்களும் இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

நம்ம கரைக்கு நல்ல அலை எங்கிருந்து வருதுங்கறது தனிக் கதை. இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில, ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அந்தப் பக்கம் ஒரு புயல் அடிக்கும். அங்கே கிளம்பின அலைக்கூட்டம் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் வேகத்துல, ஏறக்குறைய ஒரு வாரம் பயணம் பண்ணி இங்கே வரும். நீளமான பீரியட் உள்ள அலை வேகமா போகும்ங்கறதால அதுதான் முதல்ல வந்து சேரும். இங்கே வானம் பளிச்சுன்னு இருக்கும், காத்தே இருக்காது, ஆனா கடல் மட்டும் கனமா மூச்சு விடும். கேரளாவுல மீனவர்கள் இதைக் கள்ளக்கடல்னு சொல்றாங்க. திருடன் மாதிரி சத்தம் இல்லாம வர்றதால அந்தப் பேர். ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ் இந்த மாதிரி ஸ்வெல்லுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருது. வானத்தைப் பார்த்துக் கடலை எடை போடாதீங்க.

இவ்வளவு கணக்கும் கரையில உக்காந்து போடுறது. தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் கரையில சும்மா உக்காந்து பாக்கணும்னு நான் சொன்னா என் கூட வர்ற பசங்களே கடுப்பாகிறாங்க. "இதுக்கா அஞ்சு மணிக்கு எழுப்பினே?" ஆமாம், இதுக்குத்தான். அலை கூட்டம் கூட்டமா வரும், அதுக்குப் பேர் செட். அலைநீளத்துல கொஞ்சமே வித்தியாசம் உள்ள அலைகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வர்றதால இப்படி ஆகுது. முதல் செமஸ்டர் ஃபிசிக்ஸ்ல பீட்ஸ்னு படிச்சோமே, அதே சங்கதி. சில நிமிஷம் சின்னச் சின்னதா வரும், அப்புறம் மூணு நாலு பெரிய அலை வரிசையா வரும், திரும்ப அடங்கும். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு செட், ஒரு செட்ல எத்தனை அலைன்னு எண்ணிட்டீங்கன்னா உள்ளே போறதுக்கான இடைவெளி தெரிஞ்சுடும். பெரிய அலையில பயந்து திரும்பின பலரும், செட்டோட நடுவுல துடுப்பு போட ஆரம்பிச்சு, அலை மேல அலையா வாங்கி, கை ஓய்ஞ்சு திரும்பினவங்கதான். அதே ஆள் ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா தலை நனையாம போயிருப்பான்.

கரையில உக்காரும்போது இன்னொண்ணையும் தேடணும். அலை உடையாம, நுரை இல்லாம, கொஞ்சம் கருமையா அமைதியா ஒரு சந்து தெரியும். புதுசா வர்றவங்க "இங்கே சாந்தமா இருக்கு, இங்கேயே இறங்கலாம்"னு நினைக்கிற இடம் அதுதான். பெரும்பாலும் அதுதான் ரிப் கரண்ட். கரைக்கு வந்த தண்ணி எல்லாம் திரும்பக் கடலுக்குப் போற வாய்க்கால். அங்கே ஆழம் அதிகம், அதனாலதான் அலை உடையல. மேல சொன்ன 0.78 கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்க, புரியும். மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நேரா நீந்தினா தோத்துடுவீங்க. கரைக்கு இணையா, பக்கவாட்டுல நகர்ந்து அந்த வாய்க்காலை விட்டு வெளியே வரணும். போர்டு இருந்தா அதை விடாதீங்க. குளிக்க மட்டும் போற நண்பர்களுக்கும் இந்தப் பத்தியைப் படிச்சுக் காட்டுங்க. சர்ஃபிங் கத்துக்கிட்டதுல எனக்குக் கிடைச்ச பெரிய லாபம் போர்டு மேல நின்னது இல்ல, பீச்ல அந்தக் கருப்புச் சந்தைப் பார்த்ததும் அடையாளம் தெரியுறதுதான்.

இப்போ உள்ளே போயாச்சு. நீங்க பிடிக்க வேண்டிய அலை வருது. இங்கே நான் சொல்றது மேல சொன்னதுக்கு நேர் எதிர் மாதிரி இருக்கும். இவ்வளவு நேரம் யோசிங்க யோசிங்கன்னு சொன்னேன். அலையைப் பிடிக்கத் திரும்பிட்டீங்கன்னா யோசனையை நிறுத்திடுங்க. நெஞ்சளவு தண்ணியில உடையப் போற அலையோட வேகம் நொடிக்கு மூன்றரை மீட்டருக்கு மேல, மணிக்கு 13 கிலோமீட்டர். அதோட சேர்ந்து ஓடணும்னா கையில இருக்குற பலம் மொத்தத்தையும் போட்டுத் துடுப்பு போடணும். ஆரம்பக்காரங்க செய்யுறது என்ன? நாலு தடவை நல்லா இழுப்பாங்க, போர்டோட பின்பக்கம் தூக்கும், கீழே எட்டிப் பாப்பாங்க, பள்ளம் தெரியும், கை நின்னுடும். போர்டுக்கு வேகம் இல்ல, ஆனா அலை ஏற்கெனவே தூக்கிடுச்சு. அதோட உச்சியில கொண்டு போய் வெச்சு, மூக்கு குத்தி, குப்புறக் கவிழ்த்திடும். முழு மனசோட போய் விழறதை விட, பாதி மனசோட போய் விழறதுக்குத்தான் அடி ஜாஸ்தி. அதனால முடிவை முன்னாடியே எடுங்க. வர்ற அலையைப் பார்த்ததும், திரும்புறதுக்கு முன்னாடி "இது எனக்கு" இல்லைன்னா "இது எனக்கு வேண்டாம்". வேண்டாம்னா போர்டு மேல உக்காந்து வழி விடுங்க. வேணும்னா கடைசி வரைக்கும் இழுங்க, ரெண்டு இழுப்பு அதிகமாவே இழுங்க. பார்வை பள்ளத்துல இருக்கக் கூடாது, போகப் போற திசையில இருக்கணும். பைக் ஓட்டுறவங்களுக்கு இது தெரியும், குழியையே பார்த்துக்கிட்டு ஓட்டினா வண்டி குழியிலதான் இறங்கும்.

எவ்வளவு பெரிய அலைக்குப் போகலாம்னு கேட்டீங்கன்னா, "இன்னைக்குப் பத்துல ஆறு அலை பிடிச்சேன்"னு சொல்ல முடியுற உயரத்துல இன்னும் ரெண்டு மூணு வாரம் இருங்க, அப்புறம் ஒரே ஒரு படி. நோட்டுல எழுதி வெச்சா நல்லது: தேதி, உயரம், பீரியட், காத்து, முயற்சி, பிடிச்சது. லேப் ரெக்கார்டு மாதிரி இல்ல, காப்பி அடிக்க ஆள் கிடைக்காது. மனசு "நான் தேறவே இல்லை"ன்னு புலம்புற அன்னைக்கு அந்த நோட்டைத் திறந்து பாருங்க. ஜனவரியில நுரையில உருண்டவன் ஜூலையில எங்கே இருக்கான்னு எண்ணே சொல்லும். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தெற்கு ஸ்வெல் ஒழுங்கா வரும், அது படி ஏறுற காலம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் சேர்ந்து வர்ற அக்டோபர், நவம்பர்ல கடல் குழம்பிக் கிடக்கும். அப்போ ஆரம்பக்காரங்க செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்கலாம்.

இனி கொஞ்சம் காலேஜ் பக்கம் வர்றேன். யாராவது கடல்ல போனதும் ஒரு சர்க்குலர் வரும்: "மாணவர்கள் கடற்கரைக்குச் செல்வது தடை செய்யப்பட்டுள்ளது." நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க, ஒரு வாரத்துல அதுக்கு மேல சிம்போசியம் போஸ்டர் ஒட்டிடுவாங்க. ஈ.சி.ஆர்.லயும் ஓ.எம்.ஆர்.லயும் எத்தனை இன்ஜினியரிங் காலேஜ்! கிரிக்கெட் கிரவுண்டு இருக்கு, ஷட்டில் கோர்ட் இருக்கு, சிலதுல குதிரையேற்றம் கூட இருக்காம். ஆனா எல்லா முதல் வருஷப் பசங்களுக்கும் நீச்சல் கத்துக் கொடுக்குற காலேஜ் எத்தனை? கடல்ல இருந்து அரை மணி நேரத் தூரத்துல நாலு வருஷம் குடியிருக்கப் போற ஆயிரக்கணக்கான பசங்களுக்கு, மிதக்கக் கத்துக் கொடுக்குறதை விட சர்க்குலர் டைப் பண்றது சுலபமா இருக்கு. தடை போட்டா போகாம இருப்பாங்கன்னு நிஜமாவே யாராவது நம்புறாங்களா? ஒளிஞ்சு போவாங்க. ஒளிஞ்சு போறவன் யாருகிட்டயும் விவரம் கேக்க மாட்டான், கோச் கிட்ட போக மாட்டான், மாட்டிக்கிட்டா போன் பண்ணவும் பயப்படுவான்.

பொண்ணுங்க விஷயம் இன்னும் கொடுமை. நல்ல அலை காலையில ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும்தான். ராத்திரி முழுக்க நிலம் குளிர்ந்திருக்கும், காத்து நிலத்துல இருந்து கடலைப் பார்த்து வீசும், அலையோட முகம் வழுவழுன்னு நிக்கும். வெயில் ஏறினதும் கடல்காத்து திரும்பிடும், அலை கசங்கிப் போகும். ஆரம்பக்காரங்களுக்கு அந்தக் கசங்கின அலைதான் ரொம்பக் கஷ்டம். பாய்ஸ் ஹாஸ்டல்ல அஞ்சு மணிக்கு வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு வணக்கம் போட்டுட்டுக் கிளம்பிடலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல கேட் திறக்கவே ஆறரை. அப்புறம் ரெஜிஸ்டர்ல கையெழுத்து, வீட்டுக்கு போன், வார்டன் மேடம் பர்மிஷன். பஸ் பிடிச்சு கோவளம் போய்ச் சேரும்போது காத்து திரும்பிடுது. ஒரே கடல், ஒரே கோச், ஒரே பீஸ். பசங்களுக்கு வழுவழு அலை, பொண்ணுங்களுக்குக் கசங்கின அலை. அப்புறம் "பொண்ணுங்களுக்குத் தைரியம் கம்மி"ன்னு ஒரு கமென்ட். எங்க பேட்ச்ல மூணு பேர் இப்படித்தான் ரெண்டு மாசத்துல நிறுத்திட்டாங்க. அதுல ஒருத்தி எங்க எல்லாரையும் விட நல்லா நீந்துவா. இதுக்கு மேல வீட்டுல "கறுத்துப் போயிடுவே" பேச்சு வேற. கோவளத்துலயும் மாமல்லபுரத்துலயும் சின்னப் பொண்ணுங்க பசங்களுக்குச் சமமா அலை ஏறுறதை ஒரு தடவை போய்ப் பாருங்க. அவங்களுக்குக் கேட் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவங்களைப் பத்திச் சொல்லும்போது ஒண்ணு சொல்லணும். நம்மளை மாதிரி நகரத்துல இருந்து போறவங்க, அந்தப் பசங்க அசால்ட்டா போறதைப் பார்த்துட்டு "அவங்களுக்குப் பயமே இல்லை"ன்னு நினைச்சுக்கிறோம். கட்டுமரத்துல அலையைத் தாண்டிப் போய், அதே அலை மேல ஏறிக் கரைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைங்க அவங்க. அலையில இருந்து எப்போ ஒதுங்கணும்ங்கறது அவங்களுக்கு நடக்கக் கத்துக்கிட்ட வயசுல இருந்து பாடம். அவங்க எந்த நாள்ல இறங்குறது இல்லைங்கறதையும் கவனிங்க. அதை யாரும் ரீல்ஸ் எடுக்குறது இல்ல.

அதனால இந்த சனிக்கிழமை போறவங்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். ஆப்ல உயரம், பீரியட், காத்து எல்லாம் பார்த்துட்டுப் போங்க. போனதும் கரையில வலை சரி பண்ணிக்கிட்டு இருக்குற பெரியவர் யாராவது இருப்பார். பக்கத்துல போய் உக்காந்து, "இன்னைக்குக் கடல் எப்படிண்ணே?"ன்னு கேளுங்க. அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். தலையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்ப்பார். தலையாட்டினார்னா போர்டுக்கு மெழுகு தேய்ங்க. உதட்டைப் பிதுக்கினார்னா, பக்கத்துல டீக்கடை இருக்கு. ஏழு மணிக்கெல்லாம் இட்லியும் ரெடியா இருக்கும்.